பள்ளி முற்றத்துக்கு எந்தச் சிற்பம்: வெண்கலமா, கல்லா, சுடுமண்ணா?

வேலூரில் காட்பாடிப் பக்கம் உள்ள எங்கள் பள்ளியின் முன்முற்றத்தில் ஒரு சிற்பம் வைப்பது என்று பழைய மாணவர் சங்கத்தில் முடிவாகிவிட்டது. தலைவர் சிலை வேண்டாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. வீட்டில் தெலுங்கும் உருதுவும் தமிழும் பேசுகிற பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பள்ளி இது. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் சேர்வதைக் காட்டுகிற மாதிரி ஏதாவது இருக்கட்டும் என்பதுதான் தீர்மானம். எதில் செய்வது, எப்படி இருக்க வேண்டும், யாரிடம் கொடுப்பது என்பதில் இன்னும் இழுபறி ஓயவில்லை. வாட்ஸாப் குழுவில் ஆளுக்கொரு படம் போடுகிறார்கள், கீழே பத்துப் பேர் கைதட்டுகிறார்கள், அதோடு சரி. இதே யோசனையில் வேறு பள்ளிகளும் குடியிருப்புச் சங்கங்களும் இருக்கக்கூடும் என்பதால், நான் விசாரித்து வைத்ததைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

இடத்தை முதலில் பேசிவிடலாம், அது சீக்கிரம் முடிகிற விஷயம். பள்ளிக்கு வெளியே, சாலை முனையில் வைத்தால் ஊரே பார்க்குமே என்று சிலருக்கு ஆசை. சாலை, நடைபாதை, மற்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியிலேயே உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே காம்பவுண்டு சுவருக்குள்தான். நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் கையில் வந்த பிறகுதான் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

அடுத்தது உருவம். இங்கேதான் எனக்கும் பலருக்கும் முட்டிக்கொண்டது. குழுவில் அதிக லைக் வாங்கிய படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நெற்றியில் பட்டை போட்ட ஒருவர், தொப்பி வைத்த ஒருவர், கழுத்தில் சிலுவை போட்ட ஒருவர், நடுவில் தேசியக் கொடி. பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில் பார்த்துப் பார்த்துச் சலித்தது. சலிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், வேலூருக்கு அது பொருந்தவும் இல்லை. இங்கே ஆளைப் பார்த்து மொழியைச் சொல்லிவிட முடியாது. லாங் பஜாரில் உருதுவில் பேரம் பேசுகிறவர் வீட்டில் எந்த மொழி பேசுகிறார் என்று யாருக்குத் தெரியும்? சிஎம்சி மருத்துவமனைப் பக்கம் காந்தி ரோட்டில் நடந்தால் லாட்ஜுகளிலும் மெஸ்களிலும் வங்காளி எழுத்தில் போர்டு தொங்குகிறது. கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்களிடம் நம் ஆட்டோக்காரர்கள் சரளமாக இந்தியும் கொஞ்சம் வங்காளமும் பேசுகிறார்கள். கோட்டைக்குள் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, 1846ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச் மூன்றும் ஒரே அகழிக்குள் இருக்கின்றன. இதையெல்லாம் மூன்று மாறுவேடத்தில் அடக்குவது ஊரைச் சின்னதாக்குவது.

வேறு எப்படிக் காட்டுவது என்று கேட்டால், நம் கண்ணெதிரே உதாரணம் இருக்கிறது. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை, 1959ல் வைத்தது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். யார் எந்த மதம், என்ன மொழி என்று ஒரு அடையாளமும் கிடையாது. அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது அந்தப் பாறைதான். வெளிநாட்டில் இன்னொன்று: வடக்கு அயர்லாந்தின் டெர்ரி நகரத்தில் மாரிஸ் ஹாரன் 1992ல் செய்த வெண்கலச் சிற்பம். இரண்டு ஆட்கள் எதிரெதிராக நின்று கையை நீட்டுகிறார்கள், விரல்கள் தொடவில்லை, நடுவில் சின்ன இடைவெளி. பல பத்தாண்டுகள் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் மோதிக்கொண்ட ஊரில் அந்த இடைவெளிதான் சிற்பமே. வெனிஸில் 2019ல் லொரென்சோ குவின் வைத்தது நேர்மாறு. 15 மீட்டர் உயரத்துக்கு ஆறு ஜோடி ராட்சதக் கைகள் மேலே போய்க் கோத்துக்கொண்டு நின்றன. பிரம்மாண்டம் என்பதைத் தாண்டி எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. போட்டோ எடுக்க நல்ல இடம்.

இந்த மூன்றையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. சேர்க்கை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை இருக்கிறது. எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்தால், எதில் செய்வது என்பது பாதி முடிவான மாதிரி. ஒவ்வொரு பொருளுக்கும் சில காரியம்தான் வரும்.

வெண்கலத்தில் நீட்டிய கை வரும். உலோகத்துக்கு இழுவிசை தாங்கும் பலம் இருப்பதால் தோளிலிருந்து விரல் நுனிவரை காற்றில் நீட்டி நிறுத்தலாம். ஒற்றைக் காலில்கூட நிற்க வைக்கலாம், நடராஜரே சாட்சி. செய்முறை தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை, சுவாமிமலையில் பட்டறைகள் இருக்கின்றன. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்து எடுத்த பிறகு ராவி, செதுக்கி, மெருகு போடவே பல வாரம் ஆகும்.

சிக்கல் எடையிலும் விலையிலும். 60 கிலோ ஆள் ஒருவரின் கனஅளவு ஏறக்குறைய 60 லிட்டர். அதே அளவு உருவத்தைக் கோயில் விக்கிரகம் மாதிரி உள்ளே கனமாக வார்த்தால் 500 கிலோவைத் தாண்டிவிடும். உள்ளே கூடாக வார்த்தால் 100 கிலோவை ஒட்டி முடிக்கலாம், ஆனால் அது வேறு வேலை. கோயில் விக்கிரகம் செய்து பழகிய எல்லாப் பட்டறையும் அவ்வளவு பெரிய கூடு வார்ப்பை எடுத்துக்கொள்ளாது, முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு உருவம் என்றால் எல்லாமே இரட்டிப்பு. அப்புறம், வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. பழைய செம்புக்கு மார்க்கெட்டில் என்ன விலை என்பது நமக்குத் தெரிவதற்கு முன்னால் திருடனுக்குத் தெரியும். கோடை விடுமுறையில் ஒற்றை வாட்ச்மேன் மட்டும் இருக்கும் முற்றத்தில் அதை நிறுத்திவிட்டு யார் நிம்மதியாகத் தூங்குவது?

பழைய பாத்திரச் சிற்பம் என்று ஒரு யோசனை வந்தது. முதலில் கேட்டபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புழங்கிய பாத்திரம் ஒன்று வாங்குவது. பித்தளைச் சொம்பு, பிரியாணி டேக்சா, எவர்சில்வர் தட்டு, அலுமினிய டீ கெட்டில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மரமாக வெல்டு பண்ணுவது. ராணிப்பேட்டை சிப்காட்டும் பெல் ஆலையும் பக்கத்தில் இருப்பதால் நல்ல வெல்டர்களுக்கு இந்த வட்டாரத்தில் குறையில்லை. ஆனால் வெல்டரிடம் கேட்டால் முதல் வாக்கியத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்: பித்தளையும் அலுமினியமும் எவர்சில்வரும் சாதாரண வெல்டிங்கில் ஒன்றோடொன்று ஒட்டாது. போல்ட்டு போட்டுத்தான் இணைக்க வேண்டும். உள்ளே தாங்குகிற சட்டத்துக்கு இரும்பு வைத்தால், பித்தளையைத் தொடும் இடத்தில் ஈரம் பட்டுப் பட்டு இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். விதவிதமான உலோகங்களைச் சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று தின்னும் என்பது நம் கருப்பொருளுக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. முழுக்க எவர்சில்வரில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. வேலூர் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் 304 ரகமே போதும், கடலோர ஊர் மாதிரி உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் முழுக்க எவர்சில்வர் என்றால் பாத்திரங்களின் கதை போய்விடுகிறது. வெட்டு விளிம்பு எத்தனை, அதில் எத்தனை பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்வார்கள் என்ற கணக்கும் இருக்கிறது.

பைபர் சிலையைப் பற்றி இரண்டு வரி போதும். மலிவு, லேசு, ஒரு மாதத்தில் வந்துவிடும். நம் ஊர் வெயிலில் சில வருடத்தில் மேல்பூச்சு வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும், பிள்ளைகள் ஏறினால் விரிசல் விடும். சிமெண்டில் செய்வதையும் கேட்டுப் பார்த்தேன். கோபுரத்துச் சுதை வேலை செய்கிறவர்கள் அழகாகச் செய்து தருவார்கள். ஆனால் கோபுரத்துக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் வரும், பழுது பார்த்து வர்ணம் அடிப்பார்கள். நம் சிலைக்கு யார் கும்பாபிஷேகம் செய்வது? மழைநீர் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் சிமெண்ட் உப்பித் தெறிக்கும்.

இப்போது சுடுமண். பட்டியலில் எனக்கு இரண்டாவதாகப் பிடித்தது இதுதான், பணம் குறைவாகச் சேர்ந்தால் இதுவே முதல். கரிகிரி மண்பாண்டம் காட்பாடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மெருகு பூசிய பாண்டங்களுக்குப் பெயர் போன இடம். ஆளுயர உருவம் என்று போகாமல், சுவரில் பதிக்கிற ஓடுகளாகச் செய்யலாம். பச்சை மண் பலகையில் ஒவ்வொருவரும் உள்ளங்கையைப் பதிக்க வேண்டியது. மாணவர்கள், வாத்தியார்கள், சத்துணவு அக்கா, வாசலில் மாங்காய் விற்கிற பாட்டி என எல்லோரும். கைரேகைக்கு மொழி கிடையாது, பெயர் எழுதாமல் விட்டால் யார் கை எது என்றும் தெரியாது. மண் காய்ந்து சுட்ட பிறகு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும், அதனால் பெரியவர்கள் கைகூடக் கொஞ்சம் பிள்ளைக் கையாகிவிடும் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பலகை தடிமனாக இருந்து, உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால் சூளையில் வெடிக்கும். முதுகுப் பக்கம் குடைந்து, நிழலில் நிதானமாகக் காயவைக்க வேண்டும். எப்படியும் சில உடையும் என்று கூடுதலாகச் செய்து வைக்க வேண்டும்.

குறை என்னவென்றால், அது சுவராக நின்றுவிடும், சிற்பமாக ஆகாது. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம். இன்னொன்று, ஒவ்வொரு கையும் தன் தன் கட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம், ஆனால் ஒருவரை ஒருவர் தொடவில்லை. நிஜத்தில் நம் தெருக்கள் அப்படித்தான் என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். அவர் சொன்னது சரிதான், ஆனால் அதைக் காசு கொடுத்துச் செய்து வைக்க வேண்டுமா என்று எனக்கு யோசனை.

கடைசியாகக் கல். என் ஓட்டு இதற்குத்தான்.

கருங்கல்லுக்கு அமுக்கினால் தாங்கும் பலம் அதிகம், இழுத்தால், வளைத்தால் தாங்காது. மெல்லிசாக நீட்டிய கையைச் செதுக்கினால் முழங்கையில் உடையும். கல்லில் உருவங்கள் நெருங்கி, ஒட்டி, ஒன்றின் பாரத்தை ஒன்று தாங்கித்தான் இருந்தாக வேண்டும். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாயும் குதிரைகளும் யாளிகளும் எவ்வளவு துள்ளினாலும் முதுகு தூணோடு சேர்ந்தே இருக்கும். (அந்த மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்களாம், ஏற்ற வந்த கப்பல் மூழ்கிவிட்டதாம் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, கல்லைத் திருடுவது லேசில்லை என்பது மட்டும் நமக்குச் சாதகம்.)

கல்லுக்குப் பொருந்துகிற உருவமாக நான் சொல்வது இது. பிள்ளைகள் பல்லக்குத் தூக்கி விளையாடுவார்களே, அந்தக் கைப்பிடி. ஒவ்வொருவரும் தன் இடது மணிக்கட்டைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையால் எதிரே இருப்பவரின் வலது மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். நான்கு கையும் சேர்ந்து ஒரு சதுரமாகப் பூட்டிக்கொள்ளும், அதன்மேல் மூன்றாவது ஆள் உட்காருவார். அந்த நான்கு கைகளை மட்டும், முழங்கைவரை, இருக்கை உயரத்துக்குப் பெரிதாகச் செதுக்க வேண்டும். முகம் இல்லை, உடை இல்லை. மெல்லிசான பாகமும் இல்லை, நடுவில் உள்ள இடைவெளியைத் துளைக்காமல் ஆழமாகக் குடைந்தால் போதும், கல்லின் பலம் குறையாது. பார்க்கிறவர் மேலே உட்கார்ந்தால்தான் சிற்பம் முழுசாகும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

மணிக்கட்டுகளில் ஒன்றுக்கு வளையல், ஒன்றுக்குக் கயிறு, ஒன்றுக்கு வாட்ச் போட்டால் வித்தியாசம் தெரியுமே என்று ஒரு அக்கா கேட்டார். கயிறு கூடவே கூடாது. கலர் கயிறு பள்ளிக்கூடங்களில் சாதி அடையாளமாகி என்ன பாடுபடுத்துகிறது என்பது நமக்குத் தெரியும். 2024ல் நீதிபதி சந்துரு குழு கொடுத்த அறிக்கையும் மாணவர்கள் அதைக் கட்டுவதைத் தடுக்கச் சொல்கிறது. வெறும் மணிக்கட்டாகவே இருக்கட்டும். வித்தியாசம் கைகளிலேயே தெரியும்: ஒன்று காய்ப்பு ஏறிய கை, ஒன்று சின்னக் கை, ஒன்று நரம்பு புடைத்த வயசான கை.

நான்காவது கைக்கு என்னிடம் ஒரு கோரிக்கை உண்டு. அதன் விரல்கள் முழுசாக நிமிராமல் சற்று மடங்கி இருக்கட்டும். தொழுநோயில் நரம்பு செயலிழந்து விரல்கள் நகம்போல் மடங்கிவிடும். 1940களின் கடைசியில் வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் அந்தக் கைகளை அறுவைச் சிகிச்சையால் மீட்கத் தொடங்கினார். நன்றாக இயங்குகிற ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்குத் திருப்பிக் கட்டுவது அந்த முறை. ஒரு தசை இன்னொன்றின் வேலையை ஏற்றுக்கொள்ளப் பழகும். பிறகு 1955ல் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மையம் வந்தது. ஊரே தொடப் பயந்த கையைத் தொட்டுப் பிடித்த ஊர் இது. மனிதர்கள் சேர்வதைப் பற்றி வேலூர் சொல்லக்கூடிய கதைகளில் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கீழே விளக்கப் பலகை வைக்க வேண்டாம் என்பதும் என் கட்சி. கேட்கிற பிள்ளைக்கு வாத்தியார் சொல்லட்டும். எந்த மொழியில் எழுதுவது, எது மேலே எது கீழே என்ற சண்டையும் மிச்சம்.

கல்லின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 4 அடிக்கு 3 அடிக்கு இரண்டரை அடி என்று ஒரு பாளம் எடுத்தால் 30 கன அடி, செதுக்குவதற்கு முன் இரண்டேகால் டன்னுக்கு மேல் வரும். கிரேன் இல்லாமல் இறக்க முடியாது, கேட் அகலத்தை இப்போதே அளந்து வைத்துக்கொள்வது நல்லது. அடித்தளத்துக்குத் தனிச் செலவு. மாமல்லபுரத்தில் செய்து லாரியில் கொண்டுவர வேண்டியிருக்கும். பள்ளியிலேயே செதுக்கட்டும், பிள்ளைகள் பார்ப்பார்களே என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். இப்போதெல்லாம் பாதி வேலை கிரைண்டரில்தான். கருங்கல் தூசியில் சிலிகா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகளைப் பட்டறைக்கு ஒருநாள் அழைத்துப் போய்த் தள்ளி நின்று உளி வேலையைக் காட்டினால் போதும்.

அப்புறம் வெயில். பாலிஷ் போட்ட கறுப்புக் கல் பளபளவென்று இருக்கும், மே மாதம் மத்தியானம் அதில் உட்கார்ந்தால் தோசைதான். சாம்பல் நிறக் கல், உட்காரும் இடம் மட்டும் வழவழப்பாக, மற்ற இடத்தில் உளித்தடம் தெரிகிற மாதிரி. இடம், முற்றத்து வேப்பமரத்தின் மேற்குக் கிளைக்கு அடியில். காக்கா எச்சம் விழும், பரவாயில்லை, ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். பராமரிப்பு அவ்வளவுதான் என்பது கல்லின் பக்கம் நான் சாய்ந்ததற்கு முக்கியமான காரணம். சங்கத்தில் இன்று சுறுசுறுப்பாக இருக்கிறவர்களில் பாதிப் பேர் பத்து வருடம் கழித்துத் துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். மெருகு போட, வர்ணம் அடிக்க, போல்ட்டை இறுக்க ஆள் வேண்டிய எதையும் நாம் பள்ளியின் தலையில் கட்டக் கூடாது.

விலையை நான் எழுதவில்லை. கல்லின் தரம், சிற்பியின் கை, போக்குவரத்து மூன்றிலும் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் எழுத்துப்பூர்வமான கொட்டேஷன் குறைந்தது மூன்று இடத்தில் வாங்குவோம். வாங்கும்போது கேட்க வேண்டியவை: ஒரு அடி அளவில் களிமண் மாதிரி முதலில் தருவார்களா, கல்லைத் தட்டிக் காட்டுவார்களா (விரிசல் இல்லாத கல் மணி மாதிரி கணீரென்று கேட்கும்), செதுக்கும்போது உடைந்தால் யார் பொறுப்பு, கிரேன் வாடகை யார் கணக்கில். பணத்தை மூன்று தவணையாகக் கொடுப்போம், கடைசித் தவணை பீடத்தில் உட்கார வைத்த பிறகு. களிமண் மாதிரி வந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். கைப்பிடி தப்பாக இருந்தால் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.